பிடித்தம் போகக் கைக்கு வருவது

"பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?"

எங்கள் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்கிற எல்லோரும் கேட்பது இதைத்தான். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்கள். பிடித்தத்துக்கு முன்னால் உள்ள முழுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு அந்தப் பெரிய எண் போதும்.

தென்காசியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. குற்றாலத்தில் ஒரு ரிசார்ட், இரண்டு லாட்ஜ், புளியறைப் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு பெரிய ஓட்டல், இவற்றின் ஆட்களில் யாருக்கு எவ்வளவு என்று மாதக் கடைசியில் நான்தான் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரர்களால் எனக்குத் தொல்லை கிடையாது. ரிசார்ட்டில் துணி வெளுக்கிறவர்கள், அறை கூட்டுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோரையும் மணிக்கணக்குக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு வாய் நீண்டது. அதற்கு முன்பு நான் சாதுவான பெண் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

வீட்டுக்காரரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எனக்கு வங்கிக் கணக்கு ஆரம்பித்தபோது என்னிடம் போன் இல்லை என்பதால் அவர் நம்பரைக் கொடுத்தோம். பிறகு எனக்குப் போன் வந்தது, நம்பர் மட்டும் மாறவில்லை. எனக்குச் சம்பளம் வந்துவிட்டது என்பதை எனக்குச் சொல்வதே அவர்தான். கடையிலிருந்து கூப்பிட்டு, "வந்துட்டு" என்பார். ஊருக்கெல்லாம் சம்பளம் போடுகிற நான், "சரி" என்பேன். எடுக்க வேண்டியதை அவர் எடுப்பார், எனக்கு வேண்டியதைக் கேட்டால் கொடுப்பார். இதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

மணிக்கணக்குக்கு வருகிறேன். குற்றாலத்தில் சீசன் என்றால் பணம் கொட்டும் என்று வெளியூர்க்காரன் நினைத்தால் மன்னிக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாரல் விழுந்ததும் முகம் மலர்ந்துபோய், "இந்த வருசம் நல்ல தண்ணி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தண்ணீர் நன்றாக விழுகிறவரைக்கும் சரி. அது அளவுக்கு மீறி, பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் சாடினால் போலீஸ் வந்து குளிக்கத் தடை போட்டுவிடும். குளிக்க முடியாத குற்றாலத்தில் எவன் ரூம் போட்டுக் கிடப்பான்? காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ரூம் காலியானால் அழுக்குத் துணி இல்லை. துணி இல்லையென்றால் வெளுக்கிற பெண்களைப் பார்த்து, மத்தியானத்தோடு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆக, மழை கூடினால் சம்பளம் குறையும். இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள், நம்ப மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, சாரல் தொடங்கியிருந்த சமயத்தில், அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் படியேறி வந்தார்கள். கடையத்துக்குப் பக்கத்து ஊர். அண்ணன் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தங்கை அதுவரை வீட்டிலிருந்தபடி பீடி சுற்றியவள், புருஷன் விட்டுப் போனதால் மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறவள். ரிசார்ட்டில் துணி வெளுக்கிற வேலை கிடைத்திருந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் பி.எஃப். தாளில் கையெழுத்துப் போட எங்களிடம்தான் வர வேண்டும். தங்கை குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியை அண்ணன் கேட்டார்.

"மேடம், பிடித்தம் போகக் கைக்கு என்ன வரும்?"

"மணிக்கு அறுபது ரூவா அண்ணாச்சி. தினம் எட்டு மணி நேரம், மாசம் இருபத்தாறு நாள் வேலை கிடைச்சா பன்னிரண்டாயிரத்து நானூத்திச் சொச்சம். அதுல பி.எஃப். ஆயிரத்து ஐந்நூறு போயிரும். இ.எஸ்.ஐ. நூறு ரூவாக்குள்ள. சாப்பாட்டுக்கு எழுநூறு. கைக்குப் பத்தாயிரம் வரும். ஆனா அது நல்ல மாசம். குளிக்கத் தடை போட்டுட்டா நூத்தம்பது மணி நேரம் தேறுததே பெருசு. அப்பொ ஏழாயிரம்தான். தொழில் வரி வேற வருசத்துக்கு ரெண்டு தடவை பிடிப்பாங்க. ஏழுன்னு வச்சுக்கிட்டுச் செலவு பண்ணுங்க. கூட வந்தா லாபம்."

"வருமான வரி?"

"அதுக்கு நம்ம பக்கம் வர வழி தெரியாது அண்ணாச்சி."

அவர் சிரித்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "பத்தாயிரம் வரும்" என்றார். நான் இரண்டு எண் சொன்னேன், அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். லோடு ஆட்டோவுக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணையை அந்தப் பத்தாயிரத்தின் மேல் அவர் அன்றைக்கே ஏற்றிவிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதம் தண்ணீர் ஒரே கொட்டாகக் கொட்டியது. தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். சம்பளம் போய்ச் சேர்ந்த மறுநாள் அண்ணன் தனியாக வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"பத்தாயிரம்னு சொன்னிய. ஆறாயிரத்துச் சொச்சந்தான் வந்திருக்கு. மிச்சத்த யாரு தின்னா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் தின்னேன் அண்ணாச்சி. பாத்தா தெரியல?" என்றேன். அப்போது நான் ஒடிசலாக இருப்பேன். அவர் கொஞ்சம் அடங்கினார். ஆனால் ஆறாயிரம் என்பது எனக்கும் உறுத்தியது. என்ன தடை போட்டிருந்தாலும் ஏழுக்குக் கீழே போகக் கூடாது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அவள் வேலை செய்த நாட்களில் நாலு அரை நாளாக விழுந்திருந்தன. காலையில் உள்ளே வந்த நேரம் இருக்கிறது, சாயங்காலம் வெளியே போன நேரம் இல்லை.

மறுநாள் நேரே குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். வெளுப்பறையில் ஆறேழு பெண்கள் நின்றிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டு விரலைக் காட்டச் சொன்னேன். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. வருஷக்கணக்காகப் பீடி இலையை மடித்துத் தேய்ந்த ரேகை வேறு. வாசலில் விரல் வைக்கிற மெஷின் காலையில் அவளை ஏற்றுக்கொள்ளும், சில நாள் சாயங்காலம் யாரென்று தெரியாது என்றுவிடும். நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, பஸ் போய்விடுமே என்று அவள் கிளம்பிவிடுவாள்.

மேலாளரிடம் போனேன். "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதத்தான் மேடம் நாங்க அனுப்ப முடியும்" என்றார்.

"சிஸ்டமா சார் உங்க பெட்ஷீட்ட வெளுக்குது?" என்றேன்.

அவர் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார். வெளுப்பறைக்காரர்களுக்கு முகம் பார்க்கிற மெஷினாக மாற்றுவதாகவும், விட்டுப்போன மணிகளைச் சேர்ப்பதாகவும் ஒத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் எண்ணூறு ரூபாய்க்கு மேல் திரும்பி வந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூட என் வீட்டுக்காரர் சொல்லாமல் சாப்பிட்டார்.

சில நாள் கழித்து அவள் வந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு என் மேஜைக்கு எதிரே நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் முகத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டேன்.

"அக்கா, பிடித்தத்தக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா?"

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று, "குறைச்சா?" என்றேன்.

"கூட்டிதான்க்கா."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பி.எஃப். பிடிக்க வேண்டாம், சாப்பாட்டுக் காசை எடுத்துவிடுங்கள், தொழில் வரியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? இப்பதான் உனக்காகச் சண்டை போட்டு எண்ணூறு வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

"நீங்க வாங்கிக் குடுத்திய. அது என்கிட்ட வரலக்கா. கார்டு அண்ணன்ட்ட இருக்கு, மெசேஜும் அவன் போனுக்குத்தான் போவுது. டியூவுக்குப் போயிட்டு." அவள் குரலில் அண்ணன் மேல் கோபம் ஏதும் இல்லை. "அவன் சோறு போடுதான், பாவம், அவனுக்கும் நாலு பக்கமும் இழுவை. கைக்கு வந்த காசு யாருக்குத்தான் நிக்குது? ஆனா பிடிச்சிட்டாங்கன்னு சொன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டான். பி.எஃப். காச ஒரு நாளாவது கேட்டானா?"

பிறகு எதற்கு என்று சொன்னாள். அண்ணன் வீட்டில் ஒரே கூடம், ஒரு அடுக்களை. அண்ணனும் வளர்ந்த மகன்களும் அந்தக் கூடத்தில்தான் படுக்கிறார்கள். இவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "பிள்ளை பெரிசாயிட்டாக்கா. துணி மாத்த இடம் இல்ல. நான் சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அவ பின்னால மாத்துதா. இங்கன தென்காசியில ஒரு ரூம் பாத்துட்டு வந்திருக்கேன். அட்வான்ஸ் பதினஞ்சாயிரம் கேக்காவ. எனக்கு அத விட்டா வேற ஒண்ணும் வேண்டாம்."

  பிடித்ததைப் பற்றிக் கேட்க மாட்டான் என்று அவள் சொன்னது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கையில் வந்த காசில் ஐம்பது ரூபாய்க்கு வளையல் வாங்கினால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். அதே வீட்டில் ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துவிட்டார்கள் என்றால் ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடும். மழையோடு யாரும் சண்டைக்குப் போவதில்லையே, அந்த மாதிரி.

உட்காரச் சொல்லிக் கணக்குப் போட்டோம். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பிடித்தால் தடை போட்ட மாதத்தில் கைக்கு வருவது மிகவும் இளைத்துப்போகும், அண்ணன் மாடிப்படி ஏறி வந்துவிடுவார். அதனால் மணியை வைத்தே பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எட்டு மணி நேரம் வேலை செய்தால் அதில் ஒரு மணி நேரத்துக் கூலி தனியே போய்விட வேண்டும். நல்ல மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சேரும், கெட்ட மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம். எப்படிப் பார்த்தாலும் ஒரு வருஷத்தில் அட்வான்ஸ் தேறிவிடும்.

அவளுக்கு அது உடனே பிடித்துப்போனது. "அப்பொ கடைசி ஒரு மணி நேரம் நான் எனக்கு வேலை பாக்கேன்" என்றாள்.

ஆடிட்டர் சாரிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் பிடிக்கலாம், தப்பில்ல. ஆனா பிடித்தத்தைக் கூட்டச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட வந்ததில்ல. சீட்டுல என்ன பேரு போடுவ?"

"இதரம்" என்றேன்.

தபால் ஆபீஸில் அவள் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தோம். மாதாமாதம் அந்த ஒரு மணி நேரத்துக் கூலி நேராக அங்கே போகும்படி ரிசார்ட்டிலும் ஏற்பாடு செய்தோம். மூன்று மாதம் சத்தமில்லாமல் போயிற்று. நாலாவது மாதம் அண்ணன் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மேடம், இந்த இதரம்னா என்னது?"

நான் அடுக்கி வைத்திருந்த தாள்களை மறுபடியும் அடுக்கினேன். உண்மையைச் சொன்னால் அந்தக் காசு அடுத்த தவணைக்குப் போய்விடும். அவர் கெட்டவர் இல்லை, தவணைக்காரன் வாசலில் நிற்கும்போது கிடக்கிற காசை எடுக்காமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். பொய் சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை. சம்பளச் சீட்டு என் மேஜையிலிருந்து போகிறது, அதில் ஒரு எழுத்துக்கூட நான் பொய்யாகப் போட்டதில்லை. அந்தக் கூடத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயும், பின்னால் அவசரமாகத் துணி மாற்றுகிற பிள்ளையும்தான் என் கண்ணில் நின்றார்கள்.

"இப்பதான் புதுசா பிடிக்கோம் அண்ணாச்சி" என்றேன்.

"புதுசா ஏதோ சட்டம் வந்திருக்காமே. அதுவா?"

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் நின்று, "கடைசில அவதான வாங்கிக்கிடுவா?" என்றார்.

"அவ பேருலதான் அண்ணாச்சி இருக்கு. வேற யாரும் தொட முடியாது."

"அப்பொ பிடிச்சாப் பிடிக்கட்டும். அவளுக்குன்னு ஒண்ணு கிடக்கட்டும்."

படி இறங்கிப் போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருநாள் அவளிடமே கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் மனதும் பெரிய மனதுதான். கைக்கு எட்டாத காசை விட்டுக்கொடுப்பது அவருக்கும் ஒரு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவள் முதலில் பார்த்த ரூமுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குச் சற்று முன்னால் வேறொன்று கிடைத்தது. மகளைத் தென்காசியில் பள்ளிக்கூடம் சேர்க்கிறேன், தினமும் பஸ்ஸில் அலைக்கழிக்க முடியாது, அட்வான்ஸுக்கு என் பிடித்தக் காசு இருக்கிறது என்று வீட்டில் சொன்னாளாம். சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது அண்ணன்தான். வண்டி வாடகை கேட்கவில்லை, இனி ரூம் வாடகைக்கு வேண்டுமே என்று கார்டையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

பால் காய்ச்சுகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். மாடியில் ஒற்றை அறை, மேலே சிமெண்டு ஷீட், மூலையில் ஒரு தடுப்புக்குள் அடுப்பு. தம்ளரில் பாலை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னாள். மகள் பள்ளிக்கூட உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாங்கள் நாலைந்து பேர் படிக்கட்டில் நின்றோம். பால் ஆறிவிட்டது. உள்ளே அந்தப் பிள்ளை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவசரமே படவில்லை.

"வரட்டும்க்கா, மெதுவா வரட்டும்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அங்கிருந்து அலுவலகத்துக்கு நடந்து வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பாத்திரக் கடையில் அவளுக்குக் கொடுக்க ஒரு குத்துவிளக்கு வாங்குவதற்காக, காலையில் வீட்டுக்காரரிடம் காசு கேட்டிருந்தேன். யாருக்கு, எதற்கு, அவ்வளவு விலையா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். எப்போதும் கேட்பதுதான். அன்றைக்கு மட்டும் அது மனதில் அறுத்துக்கொண்டே வந்தது. எத்தனையோ பேருக்குக் கைக்கு எவ்வளவு வரும் என்று சொன்னவள் நான். எனக்குக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.

ஆடிட்டர் சாரின் அறைக்குப் போய், "சார், எனக்கும் ஒரு இதரம் போடணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். தினம் ஒரு மணி நேரத்துக் கூலி என்றேன்.

அந்த மாதக் கடைசியில் வழக்கம்போல் கடையிலிருந்து போன் வந்தது.

"வந்துட்டு. என்ன, இந்த மாசம் குறையுது?"

"பிடிச்சிட்டாங்க" என்றேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ம், என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.